சராசரிப்படி பணம் வந்துவிட்டது

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு எண்ட்ரோப்பி தெரியும். அவள் அப்பாவுக்கு வாடகைத் தேதி தெரியும். திலக் நகரில் இதில் எந்த அறிவுக்கு மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. குர்லாவில் ஹார்பர் லைன் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் நாங்கள். கோயம்புத்தூர் வண்டி வந்து நிற்கும் லோகமான்ய திலக் டெர்மினஸ் கூப்பிடு தூரம். பம்பாய் முழுக்க எங்கள் பெயர் தெரிந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சஹ்யாத்ரி மண்டல்காரர்கள் வருஷா வருஷம் அரண்மனை மாதிரி போடுகிற கணபதிப் பந்தல். இன்னொன்று, சஹகார் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்று, பிறகு தொழிலைக் கடல் கடந்து விரித்து, கடைசியில் ஆயுள் தண்டனைக் கைதியான சோட்டா ராஜன். விஞ்ஞானத்தோடும் தொடர்பு உண்டு. அணுசக்தி நகருக்குப் போகிறவர்களைச் சுமந்துகொண்டு மான்குர்து வண்டி எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகும். அவர்கள் இங்கே இறங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பெண் எம்.எஸ்சி. முடித்து, நெட் தேறி, ஜே.ஆர்.எஃப். வாங்கி, பி.எச்டி.க்குப் பதிந்திருக்கிறாள். பாடம் புள்ளியியல் வெப்ப இயக்கவியல். அவர்கள் வட்டாரத்தில் செல்லமாக ஸ்டாட் மெக். வீடு ஒன் ஆர்.கே., அதாவது ஓர் அறையும் சமையலறையும். அதில் நாலு பேர், ஒரு கிரைண்டர். அப்பா செம்பூரில் இட்லி மாவு விற்கிறார். திருநெல்வேலிக்காரர், நாங்கள் அண்ணாச்சி என்போம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் அவள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில் வந்து உட்காருவாள். பாத்ரியா எழுதிய புத்தகம். 1972-ல் முதலில் வந்தது, இந்தியாவில் பிறந்தவர் எழுதியது, உலகமெங்கும் இந்தப் பாடத்துக்கு வைக்கிற புத்தகம். அசலின் விலைக்குப் பயந்து ஜெராக்ஸ். ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் புரட்டிப் பார்த்தேன். டீ கிளாஸ் வைத்த வட்டக்கறை. இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவில் 'இதை எளிதில் காட்டலாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள்: 'யாருக்கு?'

அன்றைக்கே அந்தப் பிள்ளை மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு வரவில்லை. சொசைட்டி செக்ரெட்டரி கேட்டார், "தெர்மோன்னா தெர்மாஸ் கம்பெனியில வேலையா?" கீழ்வீட்டு மாமிக்கு, வானிலை அறிக்கை வாசிக்கப் போகிறாள் என்று நினைப்பு. ஊரிலிருந்து வந்த பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், எல்லாப் பெரியப்பாக்களும் கேட்பதுதான்: "இதுக்கு ஸ்கோப் இருக்கா?" உலகத்தின் ஒவ்வொரு துளி காற்றும் ஒவ்வொரு உலோகத் துண்டும் ஒவ்வொரு நட்சத்திரமும் எந்தக் கணக்கில் நடக்கிறதோ அந்தக் கணக்குக்கு ஸ்கோப் இருக்கிறதா என்று கேட்கிற துணிச்சல் நம் பெரியப்பாக்களுக்கு மட்டும்தான் உண்டு.

அவர்களைக் கேலி செய்து முடித்துவிட முடியாது. அவர்கள் கேட்டதற்கு இந்த நாடு என்ன பதில் வைத்திருக்கிறது?

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரி 1 முதல் அந்தத் தொகை. அதற்கு முன் 31,000. இரண்டு வருஷம் கழித்து சீனியர் ஆனால் 42,000. ஆய்வு மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து, கோஷம் போட்டு, மனு கொடுத்து வாங்கிய உயர்வு. காகிதத்தில் நல்ல தொகை. மேல்மாடிப் பெண்ணுக்கு முதல் நாலு மாதம் வந்தது. பிறகு ஏழு மாதம் வரவில்லை. எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த அலுவலகத்துக்குத் தாங்கள் மட்டும் விதிவிலக்கு என்ற பெருமை வந்துவிடும்.

அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். நான்தான் கேட்டேன், இதில் எது கஷ்டம் என்று.

"மாமா, குர்லா பிளாட்பாரத்தில ஒரே நேரத்தில ஆயிரம் பேரைப் பிடிச்சு, யார் யார் எங்க நிக்காங்கன்னு எண்ணிச் சராசரி எடுக்கலாம். இல்ல, ஒரே ஆளை ஆயிரம் நாள் பின்னாடியே போய்ப் பார்த்தும் சராசரி எடுக்கலாம். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்னு வச்சுக்கிட்டா கணக்கு போட முடியும். அதுக்குப் பேரு எர்காடிக் கருதுகோள்."

"ஒண்ணாத்தான் இருக்குமா?"

"எல்லாத்துக்கும் இருக்காது. அதை நிரூபிக்கிறதுதான் கஷ்டம். இந்தப் பாடத்துக்கு அடித்தளம் போட்ட போல்ட்ஸ்மேன் காலத்திலிருந்து சண்டை நடக்கு."

போல்ட்ஸ்மேனுக்கு நிரூபணமாகாதது நம் அரசாங்கத்துக்கு நிரூபணமாகிவிட்டது. அமைச்சர் அவையில் எழுந்து, இத்தனை ஆயிரம் மாணவர்களுக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்கிறார். கோடியை ஆயிரத்தால் வகுத்தால் தலைக்குத் தொகை வருகிறது. வருகிறதல்லவா? அப்புறம் என்ன? அது கூட்டத்தின் சராசரி. மேல்மாடிப் பெண் கூட்டமாக வாழவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையில் மார்ச் என்றால் மார்ச், பூஜ்யம் என்றால் பூஜ்யம். வீட்டுக்காரரிடம் போய், "அண்ணே, அகில இந்திய அளவில் பார்த்தால் என் வாடகை கட்டப்பட்டுவிட்டது" என்று சொல்ல முடியுமா?

சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் மராட்டியில் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை அச்சில் போட முடியாது.

ஏதோ ஒரு பெண்ணின் துரதிருஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025-ல் இன்ஸ்பயர் திட்டத்து ஆய்வாளர்கள், பல மாதங்களாகப் பணம் வரவில்லை என்று வெளிப்படையாகவே முறையிட்டார்கள். பத்திரிகைகளில் வந்தது. இன்ஸ்பயர் என்றால் ஊக்கமூட்டுவது என்று அர்த்தம். பல்கலைக்கழகங்களில் முதல் மதிப்பெண் வாங்கினவர்களைத் தேடிப் பிடித்து, ஊக்கமூட்டி, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்து, பிறகு சாப்பாட்டுக்கு அப்பாவிடம் வாங்கிக்கொள்ளச் சொல்கிற திட்டம். அதே 2025-ல், ஜூலை முதல் தேதி, மத்திய அமைச்சரவை ஆராய்ச்சிக்கும் புதுமைக்கும் ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில், நீண்ட காலக் கடன். அதற்கு முன் 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டு, ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேருக்கு விருந்து என்று பத்திரிகை அடித்துவிட்டு, 'சாப்பாடு விருந்தினர் கொண்டுவருவார்கள்' என்று கீழே பொடி எழுத்தில் போட்ட கதை. ஆராய்ச்சிக்கு இந்த நாடு மொத்தமாகச் செலவழிப்பது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இதில் தனியார் பங்கும் அடக்கம். நூறு ரூபாய்க்கு அறுபத்து நாலு பைசா. சித்தி விநாயகர் கோயில் வாசலில்கூட யாரும் அந்தச் சில்லறையைப் போடமாட்டார்கள்.

லட்சம் கோடி என்ற எண்ணை உச்சரிக்கத் தெரிந்த வாய்க்கு முப்பத்தேழாயிரம் என்ற எண் ஏன் வரவில்லை? சின்ன எண் என்பதாலா?

இந்த நாட்டில் புள்ளியியல் இயற்பியலுக்கு நிதி கொடுப்பது அறிவியல் துறை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஏழு மாதமும் கொடுத்தது இட்லி மாவு. அண்ணாச்சி விடியற்காலை நாலு மணிக்கு அரிசி களைந்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்குத் தூக்கிக் கொடுத்த காசில்தான் ஒரு பார்ட்டிஷன் ஃபங்க்‌ஷன் கணக்கிடப்பட்டது. அந்தப் பெண்ணின் கட்டுரை அச்சேறும்போது நன்றி கூறும் வரியில் அரசின் திட்டத்து எண்ணைப் போட்டே ஆக வேண்டுமாம். விதி. மாவுக்கு எண் கிடையாது.

பணம் எங்கே நிற்கிறது என்று நானும் ஒரு நாள் அவளோடு விசாரிக்கப் போனேன். பிரிவு அலுவலர், நிதிப் பிரிவைக் கேளுங்கள் என்றார். நிதிப் பிரிவில், போர்ட்டலில் ஏறவில்லை என்றார்கள். போர்ட்டலைப் பார்க்கிறவர், வங்கியில் கேளுங்கள் என்றார். வங்கியில், பிரிவு அலுவலரிடமிருந்து உறுதிச் சான்று வேண்டும் என்றார்கள். அவளுக்குக் கோபமே வரவில்லை. சிரித்தாள். "மாமா, இது ஏபிலியன் மணற்குவியல்" என்றாள்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அது நம்மூர்ச் சரக்கு. கட்டம் போட்ட பலகையில் மணலை ஒவ்வொன்றாகப் போடுகிறீர்கள். ஒரு கட்டத்தில் மூன்று மணல்மணிகள் வரை நிற்கும். நாலாவது விழுந்தால் சரிந்து, அக்கம்பக்கத்து நாலு கட்டத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிடும். அங்கேயும் நாலானால் அதுவும் சரியும். சில சமயம் ஒரு மணியோடு நிற்கும். சில சமயம் பலகையே சரியும். 1987-ல் மூன்று பேர் இதை எழுதினார்கள். 1990-ல் தீபக் தர் இதன் உள்ளே இருந்த கணிதத்தைத் திறந்து காட்டினார்: எந்தக் கட்டத்தை முதலில் சரித்தாலும், எந்த வரிசையில் சரித்தாலும், கடைசியில் கிடைக்கும் நிலை ஒன்றே. அந்தக் குணத்துக்குத்தான் ஏபிலியன் என்று பெயர். அவர் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தது எங்கள் பம்பாயில்தான், கொலாபா முனையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில். புள்ளியியல் இயற்பியலில் உலகின் உச்ச விருதான போல்ட்ஸ்மேன் பதக்கம் 2022-ல் அவருக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. 2023-ல் பத்மபூஷண். அதே பட்டியலில் வாணி ஜெயராமும் இருந்தார். எங்கள் கட்டிடத்தில் வாணி ஜெயராம் பெயரைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நான் உட்பட ஒருவரும் அடுத்த பெயரைப் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஆக, அலுவலக மேஜைகளும் ஏபிலியன். பிரிவிலிருந்து தொடங்கினாலும் வங்கியிலிருந்து தொடங்கினாலும் முடிவு ஒன்றே: நாளை வாங்க. விளிம்புக் கட்டம் சரியும்போது மணல் பலகையை விட்டே வெளியே விழுந்து காணாமல்போகும் என்பதும் அந்த மாடலில் இருக்கிறதாம். அதையும் நம் அலுவலகங்களைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு பாராட்டு விழா நடந்தது. நம்மவர்கள் சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம், 'சாதனைத் தமிழ்ப் பெண்' என்று அவளை மேடையேற்றியது. ஆறாவது மாதம் அது. கையில் காசில்லாத பெண்ணின் தோளில் ஜரிகை வைத்த பொன்னாடை. பம்பாய் மே மாதத்தில். சிறப்புப் பேச்சாளர் நாற்பது நிமிஷம் முழங்கினார். ஔவையார் அன்றைக்கே அணுவைப் பிளந்துவிட்டாராம். எண்ட்ரோப்பி நம் சித்தர்களுக்குத் தெரியுமாம், பெயர் மட்டும் வேறாம். நோபல் வாங்கிய சந்திரசேகர் நம் இனமாம், அவர் மூளை நம் மூளையாம். கைதட்டல். அந்தப் பெண் பொன்னாடைக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சந்திரசேகர் பெயரைச் சொன்ன பிறகு அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டாமா? 1928-ல் ஜெர்மன் அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். பிரசிடென்சி கல்லூரி மாணவன் ஒருவன் தேடிப் போய்ப் பார்த்தான். நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொல்லி, ஃபெர்மி-டிராக் புள்ளியியலைப் பற்றி அவர்தான் சொன்னார். அடுத்த வருஷமே அதை வைத்துப் பையன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதிவிட்டான். 1930-ல் இந்திய அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அந்த வருஷம் ஜூலை 31, இதே பம்பாய்த் துறைமுகத்தில் பில்ஸ்னா என்ற இத்தாலியக் கப்பலில் ஏறினான். வயது பத்தொன்பது. வெனிஸ் போய்ச் சேர்வதற்குள், செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரத்துக்கு அந்தப் புதிய புள்ளியியலைப் போட்டுப் பார்த்து, ஓர் எடைக்கு மேல் அது தாங்காது என்று கண்டுபிடித்தான். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறோமே, அந்த எல்லை. 1935-ல் லண்டன் கூட்டத்தில் வானியல் அறிஞர் எடிங்டன் அதைக் கேலி செய்தார். நோபல் 1983-ல்தான் வந்தது. சந்திரசேகர் அமெரிக்கக் குடிமகனாகி அதற்குள் முப்பது வருஷம்.

வெள்ளைக்காரனை நான் புகழ வரவில்லை. கோடிப் பேரைப் பட்டினி போட்டுவிட்டு ஒரு பையனைக் கப்பலேற்றியதற்குச் சிலை வைக்க முடியாது. ஆனால் அடிமை நாட்டின் அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையைச் சுதந்திர நாட்டின் அரசாங்கம் கொடுக்க முடியாமல் போர்ட்டல் மீது பழிபோடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது? பேச்சாளருக்கு அந்தக் கப்பலும் தெரியாது, புள்ளியியலும் தெரியாது. மூளை நம் மூளை என்பது மட்டும் தெரியும். செத்த விஞ்ஞானி என்றால் நமக்கு உயிர். உதவித்தொகை கேட்கமாட்டார், பாருங்கள்.

தமிழனை மட்டும் சொல்வானேன். எங்கள் பேட்டையிலிருந்து குர்லாவைத் தாண்டினால் கலினா. அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் 2015 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாடு நடந்தது. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் விமானம் இருந்தது, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பறக்கும், கிரகம் விட்டுக் கிரகம் போகும் என்று அங்கே ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. எந்த எரிபொருள், எவ்வளவு வெப்பம், அந்த வெப்பம் எங்கே போனது என்று யாராவது கேட்டிருந்தால் விமானம் தரையிறங்கியிருக்கும். கேட்பதற்குத்தான் இந்தப் பாடம் இருக்கிறது. இரண்டாம் விதிக்குப் புராணம், சாதி, கட்சி, கொடி எதுவும் தெரியாது. அடுத்த வருஷம், சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அந்த மாநாட்டை சர்க்கஸ் என்றார். சர்க்கஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் விட்டது பெருந்தன்மை. அங்கே கயிறு மேல் நடக்கிறவனுக்கு நிஜமாகவே கயிறு மேல் நடக்கத் தெரியும்.

ஏழாயிரம் வருஷத்து விமானத்துக்கு மேடை, மைக், மினரல் வாட்டர். இந்த வருஷத்து மாணவிக்குப் படிக்கட்டு.

அவள் இந்தப் படிக்கட்டுக்கு வருவதற்கே எத்தனை படி ஏறினாள் என்று கேட்டேன். அவள் எழுதிய சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் 55 கேள்விக்கு விடை சொல்ல வேண்டும், 180 நிமிஷம். கேள்விக்கு மூன்றேகால் நிமிஷம். கூட்டத்தின் எண்ட்ரோப்பி என்ன, தனி வெப்பம் என்ன, சட்டென்று விடையைச் சொடுக்கு. யோசித்தால் போச்சு. அதனால் கோச்சிங் கிளாஸில் யோசிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், நல்ல ஃபீஸ் வாங்கிக்கொண்டு. 2024 ஜூன் 18-ல் யு.ஜி.சி. நெட்டை நடத்தினார்கள், மறுநாள் ரத்து செய்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, நடக்கவிருந்த சி.எஸ்.ஐ.ஆர். நெட்டைத் தள்ளிவைத்தார்கள். மாணவர்கள் விடை தெரியாமல் திண்டாடிய காலம் போய், தேர்வு நடக்குமா என்று தெரியாமல் திண்டாடும் காலம். நிச்சயமின்மையை அளக்கிற பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் கிடைக்காது.

நுழைவாயில் என்றதும் சத்யேந்திரநாத் போஸ் ஞாபகம்தான் வருகிறது. அவர் 1924-ல் டாக்காவில் உட்கார்ந்து நாலு பக்கத்தில் ஒளித்துகள்களை எண்ணும் புது முறையை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். உலகத்துத் துகள்களில் பாதிக் குடும்பத்துக்கு அவர் பெயர்தான். அவரிடம் பி.எச்டி. கிடையாது. இன்று பேராசிரியர் பதவிக்கு மனுப் போட்டால், 'முனைவர் பட்டச் சான்றை இணைக்கவும்' என்ற சிவப்பு நட்சத்திரத்தைத் தாண்டி அடுத்த பக்கமே திறக்காது.

எவ்வளவு சூட்டைக் கொட்டினாலும் தன் வெப்பநிலை மாறாத ஒன்றை இந்தப் பாடத்தில் ஹீட் ரிசர்வாயர் என்கிறார்கள். மனு கொடு, அசையாது. போராடு, அசையாது. பத்திரிகையில் எழுது, அரை டிகிரி ஏறாது. கணக்குச் சுலபமாக வருவதற்காகப் புத்தகத்தில் கற்பனையாக வைத்துக்கொள்வது என்று அந்தப் பெண் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். கற்பனை என்று அவள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. டெல்லியில் அதற்குக் கட்டிடம் கட்டி, வாசலில் காவலும் போட்டிருக்கிறார்கள்.

எட்டாவது மாதம் பணம் வந்தது. ராத்திரி பதினொன்றே காலுக்கு மெசேஜ். ஏழு மாதத்துக்கும் சேர்த்து வரவில்லை, நாலு மாதத்துக்கு வந்தது. மீதி எப்போது என்று எழுதிக் கேட்டாள். மூன்று வாரம் கழித்து, முத்திரை போட்டு, கோப்பு எண் போட்டுப் பதில் வந்தது. அதைப் படிக்கட்டில் வைத்து எனக்குக் காட்டினாள். ஆங்கிலம்தான், சாரம் இது: மேற்படி ஆய்வாளருக்குப் பதிவு செய்த நாள் முதல் இதுவரை வழங்கப்பட்ட மொத்தத் தொகையின் மாதச் சராசரி திருப்திகரமாக உள்ளது.

நான் தாளை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். 'திருப்திகரமாக' என்ற சொல்லின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்த தடம். எழுத்து மறைந்தாலும் அழுத்தம் போகவில்லை. 'யாருக்கு?'

"ஏன் பிள்ளே அழிச்சே?"

"சீனியர் ஃபெலோஷிப்புக்கு மனுப் போடும்போது இதோட ஒரிஜினலைத்தான் இணைக்கணும் மாமா."

மேலே கிரைண்டர் நின்றது. அவள் ஜெராக்ஸ் கட்டைச் சுருட்டிக்கொண்டு, பாக்கெட் போட எழுந்து போனாள்.